வெயில் தொடாது என்ற வாக்கியம்

1.

இந்தக் கதை நான் எழுதிய ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. "இந்த எண்ணெயைப் பூசிக்கொள், வெயில் உன்னைத் தொடாது." தமிழில் ஆறு சொற்கள். சுவாஹிலியில் இதைவிட நன்றாக இருந்தது. சொல்லும்போது ஒரு தாளம் வரும். சொன்ன அன்று கைதட்டினார்கள். ஆறாவது வருடம் அந்த வாக்கியத்தை நம்பிய ஒரு பெண்ணைப் புதைத்தோம்.

தமிழில் ஏன் எழுதுகிறேன் என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தாய்மொழிப் பற்று என்று முதல் கையெழுத்துப் படியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். விக்டோரியா ஏரிக்குள் இருக்கிற இந்த உகெரேவே தீவில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். இருபத்திரண்டு வருடமாக இங்கே மருந்து கொடுக்கிறேன். தீவில் யாரும் இதைப் படித்துவிட்டு என் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். அதனால்தான் தமிழ்.

2.

தொடக்கம் சரியாக வரவில்லை. மூன்று எழுதினேன்.

"விக்டோரியா ஏரியின் மேல் விடிகாலைப் பொன்னொளி பரவியபோது, டகா மீன் படகுகள் ஒவ்வொன்றாக" (விட்டுவிட்டேன். விடிகாலை வெயில் யாரையும் கொல்லவில்லை. கதை நடப்பது மத்தியானத்தில்.)

"கபுலா பிறந்தபோது, குழந்தையின் வெளுப்பைப் பார்த்து மருத்துவச்சி" (நான் அங்கே இல்லை. நிறமி இல்லாத தோலோடு பிறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பிறப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். கபுலாவுக்கு அது பிடிக்காது. "நான் பொறந்தது ஒருநாள் விஷயம். மத்த நாளெல்லாம் வேலை செஞ்சேனே, அதக் கேளுங்க" என்பாள்.)

மூன்றாவது, நான் அவளை முதலில் பார்த்த இடம்.

எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் ஒரு பெண் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வயது, நல்ல உயரம், கூடை மூடியைப் போல அகலமான நாணல் தொப்பி, மணிக்கட்டு வரை இறங்கும் ஆண்பிள்ளைச் சட்டை. வைக்கோல் நிற முடியை இறுக்கிப் பின்னியிருந்தாள். கண் கூச்சத்தால் இமைகளைச் சுருக்கிக்கொண்டே, வரிசையில் இடையே நுழைந்தவனை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"முசுங்குக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றான் அவன். முசுங்கு என்றால் வெள்ளைக்காரர்.

"முசுங்குன்னுதான கூப்பிடுற? அப்ப எனக்கு ஒரு பாஸ்போர்ட் எடுத்துக் குடு. ஐரோப்பாவுக்குப் போயிடறேன். உன் மூஞ்சியப் பாக்க வேண்டாம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் பின்னால் போய் நின்றான். இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3.

கபுலாவும் தங்கை நியாஞ்சுராவும் கரையில் டகா காயவைக்கிறவர்கள். நம் நெத்திலியைவிடப் பொடியான மீன். காலையில் படகு வந்ததும் வாங்கி, மணலில் விரித்த வலைமேல் பரப்ப வேண்டும். உச்சி வெயிலில் புரட்டிப்போட வேண்டும். தவறினால் அடிப்பக்கம் நாறிவிடும்.

கபுலா ஒன்பது மணிவரை வேலை செய்வாள். பிறகு குடிசைக்குள் போய்விட்டு, நாலு மணிக்குமேல் வருவாள். புரட்டிப்போடுவது நியாஞ்சுராவின் வேலை. அவளுக்கு எங்களைப்போலக் கறுத்த தோல். (எங்களைப்போல என்று தன்னிச்சையாக எழுதிவிட்டேன். இருக்கட்டும், நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.)

மத்தியானம் வெளியே வர முடியாத பெண்ணுக்குக் கரையில் சொந்தமாக இடம் தரமாட்டார்கள். தங்கை வலையின் ஓரத்தில் பாதிதான் அவளுடையது. அது அவளை அரித்தது. "நான் பரப்புறேன், அவ புரட்டுறா, பேரு அவளுக்கு. பாதி ஆளா எத்தன நாளைக்கு இருக்கிறது?" என்று என்னிடமே ஒருமுறை கேட்டாள். அவளுடைய புருஷன் ஏரியின் கென்யப் பக்கம் போனவன், திரும்பவில்லை. அதைப் பற்றி அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. வலைதான் அவளுடைய குறை.

அந்த வருடம் வெயில் காப்பு லோஷன் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. நீல மூடி போட்ட வெள்ளை டப்பா. மருந்து சேர்த்தது. இங்கே எல்லோரும் அதை எண்ணெய் என்றே சொல்வார்கள். டப்பாவோடு ஒரு தாள் வந்தது, ஒன்பது விதிகள். தலைமைச் செவிலி அதை என்னிடம் கொடுத்து, "நீங்கதான் நல்லாப் பேசுவீங்க. எளிமையா சொல்லுங்க" என்றார்.

நான் நன்றாகப் பேசுவேன்தான். கல்லூரியில் கட்டுரைப் போட்டி, கவிதைப் போட்டி இரண்டிலும் பரிசு வாங்கியவள். தாளைப் படித்துப் பார்த்தேன். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை நிழலில் இரு என்றது. அகலமான தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்ட பிறகும் வெளியே தெரிகிற தோலுக்குத்தான் எண்ணெய் என்றது. வெளியே போவதற்கு அரைமணி முன்பே பூசு, தாராளமாகப் பூசு, இரண்டு மணிக்கொருதரம் மறுபடி பூசு, வேர்த்தாலும் முகம் கழுவினாலும் மறுபடி பூசு. காது, பின்கழுத்து, உதடு, புறங்கை, பாதம் மறக்காதே. கண்ணில் படக் கூடாது. புண்மேல் பூசாதே, புண் வந்தால் உடனே காட்டு. காலாவதித் தேதி பார், டப்பாவை வெயிலில் வைக்காதே.

எனக்குச் சலிப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னால், மட்டமான எழுத்து என்று நினைத்தேன்.

தேவாலயக் கூடத்தில் நாற்பது பேர், எல்லோரும் கபுலாவைப்போன்ற தோல்காரர்கள். ஒன்பது விதிகளையும் படித்துக் காட்டினேன்.

(இல்லை. நாலு படித்தேன்.)

குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பின்வரிசையில் பேச்சு கிளம்பியது. கூட்டம் கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு டப்பாவை உயரத் தூக்கிப் பிடித்து, அந்த வாக்கியத்தைச் சொன்னேன். தலைகள் நிமிர்ந்தன. பிறகு கைதட்டல்.

முன்வரிசையிலிருந்து கபுலா எழுந்தாள். "டாக்டரக்கா, மத்தியானத்துலயுமா?" நான் டாக்டர் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்ட எல்லோரும் இங்கே டாக்டர்தான்.

"மத்தியானத்துலயும்தான்" என்றேன்.

"அப்ப எந் தங்கச்சிக்கு இனிமே வேலையில்ல!"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுவாரம் அந்த வாக்கியத்தை ஆஸ்பத்திரிச் சுவரில் நீலச் சாயத்தால் எழுதவைத்தேன்.

4.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. கபுலாவை அல்ல. அவள் செய்ததெல்லாம் பொருந்துகிறது. அந்த வருடமே சொந்த வலை விரித்தாள். தினமும் விடிந்ததும் முகம், கழுத்து, கை என்று பொறுமையாக எண்ணெய் பூசினாள். ஒருவேளை மட்டும். மீன் புரட்டுகிற கையோடு மறுபடி பூச முடியாது. பூச வேண்டும் என்று அவளிடம் யாரும் அழுத்திச் சொல்லவும் இல்லை. ஏரிக் காற்றில் தொப்பி நிற்காது. இரண்டுமுறை தண்ணீரில் விழுந்தது. வெயில்தான் தொடாதே, தொப்பி எதற்கு? கழற்றினாள். பின்னல் வெளியே தெரிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பிறகு அந்தச் சட்டையும் போனது; கையில்லாத ரவிக்கையோடு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் குனிந்து மீன் புரட்டினாள்.

நம்ப முடியாத பாத்திரம் நான்தான். மருந்தாளுநர் ஒருத்தி வாரம் இருமுறை மீன் வாங்கக் கரைக்குப் போகிறாள். தொப்பியில்லாமல் அவள் நிற்பதைப் பார்க்கிறாள். தோள்பட்டை சிவந்திருப்பதைப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்வதில்லை. வாசகர் நம்புவாரா? எடிட்டர் ஒருவர் இருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பார்.

ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதினேன்: வேலைப்பளு. பொருந்தவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அவளைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் வாக்கியம் இரண்டு காலில் நடந்து வேலை செய்துகொண்டிருந்தது. ஒருநாள் போட்டோகூட எடுத்தேன், எண்ணெய் அனுப்புகிறவர்களுக்கு அறிக்கையோடு வைக்க. நடுப்பகலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள் கபுலா. பின்னால் வலை முழுக்க மீன் மினுங்குகிறது.

"நல்லா எடுங்க டாக்டரக்கா. இது முழு ஆளோட வலை."

5.

ஐந்தாம் வருடம், பெருமழை முடிந்து வந்தாள். பேசிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள், இடது காதுப் பக்கம் துணியை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"கொண்டை ஊசி கிழிச்சதுன்னு நெனச்சேன். ஆறவே மாட்டேங்குது. எண்ணெயையும் அது மேலயே அப்பிப் பாத்துட்டேன்."

"எத்தன நாளா?"

"மழைக்கு முன்னால. அதுக்கும் முன்னாலயோ."

துணியை விலக்கினேன். காதுக்குப் பின்னால், மடிப்பில், விளிம்பு தடித்த ஒரு புண். வாடை அடித்தது. கழுத்தில் கை வைத்தேன். கோலிக்குண்டு அளவில் ஒன்று உருண்டது.

"ஏன் முகம் இப்பிடிப் போவுது? மீன் நாத்தம்தான் அது, பயப்படாதீங்க" என்றாள்.

மறுநாள் படகில் அக்கரையில் முவான்சா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காதை எடுத்தார்கள். கழுத்துக் கட்டிகளை எடுத்தார்கள். முழுக்க எடுக்க முடியவில்லை என்று அங்கிருந்த மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார், மிகவும் பொறுமையாக. எட்டு வாரம் கழித்துத் தீவுக்குத் திரும்பினோம். படகில் வரும்போது வலது பக்கமாகவே உட்கார்ந்திருந்தாள், காது இருக்கிற பக்கம் கரைக்குத் தெரியும்படி.

6.

இந்தப் பகுதியைத்தான் எழுதாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே அந்த நீல எழுத்துச் சுவர் தெரிந்தது. கபுலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரக்கா, ஒண்ணு கேக்கட்டா? நான் ஒருநாள்கூட விடாமத்தான பூசினேன். எங்க தப்பு பண்ணேன்?"

அவள் கேட்டது நிஜமான கேள்வி. குற்றம் சாட்டவில்லை. என்மேல் சந்தேகமே இல்லை. பதில் எனக்குத் தெரியும். நீ தப்புப் பண்ணவில்லை, கபுலா. தொப்பி முதலில், சட்டை முதலில், நிழல் முதலில், எண்ணெய் எல்லாவற்றுக்கும் பிறகு. நான் அதைத் தலைகீழாக்கிச் சொன்னேன். நீ நான் சொன்னபடி செய்தாய்.

(இந்தப் பதிலை இந்தக் கதையின் ஐந்து படிகளில் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஒன்றில் கட்டைப் பிய்த்து என்மேல் எறிகிறாள். ஐந்துமே நன்றாக வந்திருக்கின்றன. எதுவும் நடக்கவில்லை.)

நான் சொன்னது இது:

"காதுக்குப் பின்னால விட்டிருப்ப."

பொய்கூட இல்லை. அவள் அங்கே பூசியதில்லை. பொய்யாக இருந்திருந்தால் என்றாவது பிடிபட்டிருக்கும்.

கட்டின் விளிம்பை விரலால் தடவினாள். பிறகு தலையாட்டினாள். "ஆமா. விட்டுட்டேன். கண்ணாடியில தெரியாத எடம்." அவள் முகம் தெளிந்தது. எங்கே தவறு என்று தெரிந்துவிட்ட நிம்மதி. "அப்ப எண்ணெய் நல்ல எண்ணெய்தான். நாந்தான் கவனமில்லாத கழுத."

நான் பிளாஸ்திரியை ஒட்டினேன்.

7.

அடுத்த எண்ணெய் விநியோக நாளன்று அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. நியாஞ்சுராவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி முகத்தில் கட்டு. எண்ணெய் கொடுக்கத் தொடங்கும் முன் கையைத் தூக்கினாள்.

"எல்லாரும் என்னையப் பாருங்க. நல்லாக் கிட்ட வந்து பாருங்க, காசு கேக்க மாட்டேன்." ஓரிருவர் சிரித்தார்கள். "டாக்டரக்கா சரியாத்தான் சொன்னாங்க. நாந்தான் காத விட்டுட்டேன். ரெண்டு வெரல் எடம். அங்கயே வந்து உக்காந்துக்கிச்சு. உங்க புள்ளைங்களுக்குக் காதுல பூசுங்க. என்னைய மாதிரி விட்டுடாதீங்க."

நான் அவளுக்குப் பக்கத்தில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டடி தூரம். வாயைத் திறந்தால் போதும்.

கூட்டம் கைதட்டியது. அவள் பேசியதை அந்த மாத அறிக்கையில் சேர்த்தேன். "பயனாளி ஒருவரின் உருக்கமான அனுபவப் பகிர்வு" என்று தலைப்பு வைத்தேன். அதையும் அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. இங்கே அடித்து என்ன பயன்?

மூன்று மாதம் கழித்துச் செத்தாள். முப்பத்திரண்டு வயது. கடைசி வாரங்களை எழுதமாட்டேன். அந்த வலி எழுத்தில் நன்றாக வரும், அதனால்.

8.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஒரு மரணம், ஒரு குற்றவுணர்ச்சி, போதுமானது. ஆனால் நியாஞ்சுராவுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். எதித்தா. பெரியம்மாவின் தோல், பெரியம்மாவின் வைக்கோல் முடி.

புதைத்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். மத்தியானம் கரைக்குப் போனேன். தொப்பியில்லாமல், கையில்லாத கவுனோடு எதித்தா மணலில் ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு காதும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தன. முன்பக்கம், பின்பக்கம், மடிப்பு, துளை வரைக்கும் எண்ணெய் அப்பியிருந்தது.

நியாஞ்சுரா வலைக்கு நடுவிலிருந்து கையசைத்தாள். "பாத்தீங்களா டாக்டரக்கா? காதுக்கு மட்டும் மூணு தடவ. எங்கக்கா செஞ்ச தப்ப நான் செய்யமாட்டேன்."

குழந்தையின் தோள்கள் சிவந்திருந்தன. மூக்கின்மேல் உரிந்த தோல்.

என் இரண்டாவது வாக்கியமும் வேலை செய்துகொண்டிருந்தது. குழந்தைக்குத் தொப்பி போடு, உச்சி வெயிலில் உள்ளே வை என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். சொல்லியும் பார்த்தேன். நியாஞ்சுரா சிரித்தாள்.

"எதுக்கு? காதுலதான் பூசியாச்சே. சுவத்துல எழுதியிருக்கே."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் உகாலி கிண்டிக்கொண்டிருந்தாள். சோளமாவு இறுகும் நேரம். கையை எடுக்க முடியாது. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேனா, தற்செயலா, தெரியவில்லை.

"கபுலா தப்பாப் பூசல, நியாஞ்சுரா. நான் தப்பாச் சொன்னேன்."

அவள் கிண்டுகிற துடுப்பு நிற்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது விதிகளையும் வரிசையாக, இம்முறை ஒன்றுவிடாமல். எண்ணெய் கவசம் இல்லை, மிச்சத்தைக் காக்கிற உதவி மட்டும்தான் என்று. உன் அக்கா முன்னால் போட்டிருந்தாளே தொப்பியும் சட்டையும், உச்சி வெயிலுக்கு ஒளிந்தாளே, அப்போது அவள் செய்ததுதான் சரி என்று. "அந்தத் தொப்பியக் கழட்ட வச்சது நான். அவ காத விட்டுட்டான்னு சொன்னது, பழி எம்மேல வராம இருக்கத்தான்."

உகாலி இறுகியது. தட்டில் கவிழ்த்தாள். அடுப்பிலிருந்து விறகை இழுத்தாள். மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கூட்டத்துல எங்கக்கா எழுந்து பேசினாளே. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

9.

பிறகு நடந்ததில் சொல்லக்கூடியவை: சுவரை வெள்ளையடித்தோம். அடுத்த விநியோக நாளில் கூட்டத்திடம் நான் சொன்னதெல்லாம் எவ்வளவு தவறு என்று சொன்னேன். அன்று பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள், வராதவர்கள் வீட்டுக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று பேர் உடம்பில் ஆறாத புண் கண்டுபிடித்து முவான்சாவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்குத் தாமதமாகிவிட்டது. எதித்தா மத்தியானங்களில் வீட்டுக்குள் இருக்கிறாள், வெளியே விடச் சொல்லி அழுகிறாள்.

சொல்லமுடியாதது, "தெரியும்" என்று நான் சொன்ன பிறகு நியாஞ்சுரா சொன்னது. ஐந்தாறு வார்த்தைகளுக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. எழுதமாட்டேன். அவளுடைய அக்கா பேசியதை எடுத்து நான் ஒருமுறை அறிக்கையில் போட்டாயிற்று. இவள் பேச்சையும் எடுத்து இந்தக் கதைக்கு முடிவாக வைத்தால் நான் இன்னும் அதே ஆள்தான்.

மன்னித்தாள் என்று வைத்தால் எனக்கு ஆறுதல். காறித் துப்பினாள் என்று வைத்தால் தண்டனை கிடைத்துவிட்டது என்று அதுவும் ஒருவகை ஆறுதல். இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன், கிழித்தேன். உங்களுக்கு முடிவு வேண்டுமானால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்குக் காட்ட வேண்டாம்.

எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அவள் அதைச் சொன்னபோது எதித்தா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, உகாலியை உருட்டி வாயில் போட்டபடி, அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.